மூன்றாம் வரிசை ஓரக் கதிரை

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அருமைராசா கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். அவர் அப்படி நின்றால் ஏதோ சொல்ல இருக்கிறது, இன்னும் வாய்க்கு வரவில்லை என்று அர்த்தம். முப்பத்தாறு வருசமாகக் கூட இருக்கிற அல்போன்சம்மாவுக்கு அது தெரியும். அவள் குசினி மேசையில் ரோல் சுற்றிக்கொண்டிருந்தாள். கை இரண்டிலும் முட்டையும் ரஸ்க் தூளும் அப்பிக் கிடந்தன.

"ஐஞ்சு மணி..." என்றார்.

"தெரியும்."

"மூண்டாம் வரிசை..."

"இடப்பக்கம், ஓரக் கதிரை. பேர் எழுதி ஒட்டிக் கிடக்கு. மூண்டு நாளா இதைத்தானே சொல்லுறீங்கள்."

"ஐஞ்சு எண்டால்..."

"ஐஞ்சுதான். வாறன். போங்கோவன், பஸ் போகப்போகுது."

அருமைராசா தலையாட்டிவிட்டுப் போனார். வெளிப்படியில் மார்ச் மாதத்து ஐஸ் இன்னும் கரையவில்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர் இறங்குவது உள்ளே கேட்டது. அல்போன்சம்மா அடுத்த ரோலை எடுத்தாள்.

அந்த வீட்டில் கதைக்கிற வேலை அவளுடையது. தொண்ணூற்றிரண்டில் ஊரைவிட்டு இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்காரனோடு சண்டை பிடிப்பது, கரண்ட் பில் பிழையென்றால் போன் எடுப்பது, மகன் டனிஸ்ரனின் பள்ளிக்கூடத்தில் போய் மிஸ்ஸிடம் ஞாயம் கேட்பது எல்லாம் அவள்தான். அவளுடைய இங்கிலீசும் பிரெஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து கிடக்கும். அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை, கேட்கிறவன் விளங்கிக்கொள்ளட்டும். டொக்டர் அருமைராசாவைப் பார்த்து "எங்கே நோகிறது?" என்று கேட்பார். "முழங்கால், இடது" என்று இவள் சொல்லுவாள். அருமைராசா தலையாட்டுவார். அவர் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிக்கிறதுக்குள் சோறு பொங்கிவிடும். யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது?

அப்படிப்பட்ட மனுசன் நாடகத்தில் நடிக்கப் போகிறார்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு சமூக நிலையத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. இருபத்திரண்டு வருசம். அங்கே செவ்வாய்க்கிழமைகளில் ஒரு நாடகக் குழு கூடும். நடத்துகிறவள் வேர்னா என்ற கறுப்பினப் பெண், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். அமெரிக்காவின் தெற்கே ஓர் ஊரில், கறுப்பினச் சனத்தைப் பஸ்ஸில் முன்னுக்கு இருக்க விடாத காலத்தில், பஸ்ஸே வேண்டாம் என்று ஒரு வருசத்துக்கு மேல் நடந்தே வேலைக்குப் போன ஆட்களின் கதையை அவள் எழுதியிருந்தாள். சப்பாத்துத் தைக்கிற கிழவனாக நடிக்க இருந்தவர் ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். வேர்னா சுற்றிப் பார்த்தாள். மொப்பில் சாய்ந்துகொண்டு செவ்வாய்க்கிழமை தவறாமல் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அருமைராசா கண்ணில் பட்டார். "மிஸ்டர் ராஜா, நீ எப்படியும் எல்லாம் கேட்டுவிட்டாய். உள்ளே வந்து நில்," என்றாளாம்.

"அது கறுப்பாக்களின்ர கதை. நீங்கள் அங்க என்ன செய்யப்போறீங்கள்?" என்று அல்போன்சம்மா கேட்டாள்.

"ஆள் காணாதாம். ஒரு கிரேக்கரும் நடிக்கிறார்."

"என்ன கதைக்க வேணும்?"

"ஒரு வரி."

அந்த ஒரு வரியை அவர் மூன்று மாதமாகப் பாடமாக்கினார். பிய்ந்த சப்பாத்தோடு வருகிற ஒரு பெண்ணிடம் கிழவன் இங்கிலீசில் சொல்லவேண்டும்: விட்டுவிட்டுப் போ, விடியமுதல், நீ நடக்க வெளிக்கிடமுதல், தைத்து வைப்பேன். குளிக்கும்போதும் சொன்னார், பல் தீட்டும்போதும் சொன்னார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் கேட்டுக் கேட்டு அல்போன்சம்மாவுக்கே பாடமாகிவிட்டது. ஒருநாள் பருப்புக் கழுவிக்கொண்டு அவள் அதை முழுவதும் சொன்னாள், பிழையில்லாமல். அருமைராசா அதற்குப் பிறகு வீட்டில் பழகுவதை நிறுத்திவிட்டார்.

நாலு மணிக்குக் கீழ்வீட்டுப் புஷ்பவதி மேலே வந்தாள். அடுத்த நாள் ரொக்ஸ்பரோவில் அவளுடைய மகன் வினோஜனின் புதுவீட்டுக் குடிபூரல். ரோல் எல்லாம் அதற்குத்தான். நூற்றிருபது. அல்போன்சம்மா பத்து மணியிலிருந்து நிற்கிறாள். கணுக்கால் வீங்கிக் காலுறையின் விளிம்பு தோலில் பதிந்து கிடந்தது.

"அக்கா, வெளிக்கிடேல்லையே?" என்றாள் புஷ்பவதி. கார் அவளுடையது.

"இன்னும் இருபது கிடக்கு. நீரும் கையைக் கழுவிப்போட்டு வாரும்."

"ஐஞ்சுக்கெண்டு சொன்னீங்கள்."

"ஐஞ்சுக்கு ஆர் தொடங்கினது? உம்மட பெறாமகள் கஜந்தினியின்ர அரங்கேற்றம் எத்தினை மணி எண்டு கார்ட்டில போட்டவை?"

"ஐஞ்சு."

"விளக்குக் கொளுத்தினது?"

"ஆறே முக்கால்," என்று புஷ்பவதி சிரித்தாள். "அதுக்குப் பிறகு நாலு பேர் பேச்சு, ரெண்டு பேருக்குப் பொன்னாடை. எட்டு மணிக்குத்தான் பிள்ளை காலைத் தூக்கினது."

"அதுதான். ஆறுக்குப் போனாலும் மைக்கைத் தட்டித் தட்டி 'ஹலோ, ஹலோ' எண்டுதான் நிப்பினம்."

இருபது ரோலும் சுற்றி முடிய ஐந்து மணி. அல்போன்சம்மா கதிரையில் இருந்து காலை இன்னொரு கதிரையில் தூக்கிப் போட்டாள். பத்து நிமிசம் என்றுதான் நினைத்தாள். பிறகு சீலையா சட்டையா என்று ஒரு கதை. சீலைதான், மனுசன் மேடை ஏறுகிறார். டெக்காரி நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்தது. போய்ச் சேர ஆறு பத்து.

சமூக நிலையத்து மண்டபக் கதவு மூடியிருந்தது. வெளியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் டிக்கற் பார்க்கிற ஒரு பெட்டை.

"டெசோலே, மடாம்," என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள் அவள். தொடங்கியபிறகு உள்ளே விடுவதில்லையாம், இடைவேளை வரைக்கும் வெளியில் இருக்கவேண்டுமாம்.

"எப்ப தொடங்கினது?"

"ஐந்து மணிக்கு."

"சரியா ஐஞ்சுக்கோ?"

அந்தப் பெட்டைக்குக் கேள்வி விளங்கவில்லை. ஐந்து மணிக்குத்தானே என்று டிக்கற்றைக் காட்டினாள்.

புஷ்பவதி முன்னுக்கு வந்தாள். "ஹேர் ஹஸ்பண்ட் இஸ் த ஹீரோ!"

பெட்டை சிரித்துவிட்டுச் சுவரோரத்தில் கிடந்த நீள மர வாங்கைக் காட்டினாள். இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். கதவுக்குப் பின்னால் சனம் சிரிப்பதும், யாரோ பாடுவதும், பிறகு ஒரு பெண் அழுவதும் கேட்டன. அல்போன்சம்மா காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு வரி. அது போயிருக்குமோ, இனித்தான் வருமோ? கேட்டுத்தான் இருக்கலாமே, நாடகத்தில் எங்கே வருகிறது என்று. அவள் கேட்கவேயில்லை.

"இனித்தான் வரும் அக்கா," என்றாள் புஷ்பவதி. "நல்லதெல்லாம் கடைசியிலதான் வைப்பினம்."

"நீர் வாயைப் பொத்தும்."

இடைவேளையில் உள்ளே போனார்கள். மூன்றாம் வரிசை ஓரக் கதிரையில் அவளுடைய பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கதிரைகள் எல்லாவற்றிலும் ஆட்கள். அந்தப் பேரை உரித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு இருந்தாள். பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பி, புஷ்பவதிக்கு இடம் விட்டு, பின்னுக்குப் போனார்.

இரண்டாம் பாதியில் அருமைராசா இல்லை. ஆறு கதிரையை வரிசையாக வைத்து அதுதான் பஸ் என்றார்கள். பஸ் வெறுமையாக நின்றது. சனம் அதைக் கடந்து நடந்தது, மழையில், வெயிலில், விடியற்புறத்தில். எஸ்தர் என்று ஒருத்தி, ஒரு வெள்ளைக்காரி வீட்டில் சமைக்கிறவள், வேலை முடிந்து ஆறு மைல் நடந்து வந்து தன் வீட்டில் மறுபடியும் அடுப்பு மூட்டினாள். வேதக்கோவிலில் ஆண்கள் கூடி நடப்பதா விடுவதா என்று மேசையில் அடித்துக் கதைத்தார்கள். எஸ்தர் பின்னால் தட்டம் தட்டமாகச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள்.

இந்தக் கோப்பையெல்லாம் ஆர் கழுவினது என்று அல்போன்சம்மா யோசித்தாள். நாடகத்தில் அது வரவில்லை. ஒரு வருசம் நடந்த ஊரில் ஒரு வருசமாக யாரோ கோப்பை கழுவியிருக்க வேண்டும்தானே. எஸ்தரின் ஏப்ரனைப் பின்னால் பிழையாகக் கட்டியிருந்தார்கள். அப்படிக் கட்டினால் அடுப்படியில் அரை மணித்தியாலம் நிற்காது. ஆனால் அந்தப் பெண் காலைத் தூக்கி வைத்த விதம் பிழையில்லை. முழங்காலைக் கவனமாக, இரவல் வாங்கிய சாமான் மாதிரிக் கொண்டு போனாள். தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி மன்னாரிலிருந்து மடுக் கோவிலுக்கு நடந்த சனமும் அப்படித்தான் போனது. அதை ஒருவரும் நாடகமாகப் போடவில்லை. போட்டாலும் அல்போன்சம்மா போய்ப் பார்க்கமாட்டாள்.

கடைசியில் கோர்ட் தீர்ப்பு வந்தது. எஸ்தர் பஸ்ஸில் ஏறினாள். சாரதி அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை, முன்கதிரையில் இருந்தாள். அவ்வளவுதான். சனம் எழும்பி நின்று கைதட்டியது. நடிகர்கள் வரிசையாக வந்தார்கள். ஓரத்தில் அருமைராசா, தோல் ஏப்ரனோடு. எல்லாரும் குனிந்தபோது அவர் குனிய மறந்து நின்றார்.

வெளியில் கோப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். அருமைராசா கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். அல்போன்சம்மா வாயைத் திறக்கமுதல் புஷ்பவதி பாய்ந்துவிட்டாள்.

"அண்ணை! என்ன மாதிரி நடிச்சனீங்கள்! உங்கட குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது!"

அருமைராசா அவளைப் பார்த்தார். "எந்த... இடத்தில?"

"அதுதான் அண்ணை, அந்தச் சப்பாத்துக் கடையில. என்ன இங்கிலீஸ்! வெள்ளைக்காரன் தோற்றான்!"

அருமைராசா மனைவியைப் பார்த்தார். அல்போன்சம்மா கேக்கைப் பார்த்தாள்.

"நான் கதைக்கேல்லை," என்றார் அவர்.

வேர்னா வந்து அவருடைய தோளில் தட்டி, நாளைக்கு இரண்டு மணிக் காட்சி, ஒரு மணிக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். காரில் புஷ்பவதி ரேடியோவைப் போட்டாள், உடனே நிறுத்தினாள்.

வீட்டில் அல்போன்சம்மா புட்டை மைக்ரோவேவில் சூடாக்கி அவர் முன்னால் வைத்தாள். தானும் இருந்தாள்.

"எத்தினை மணிக்கு வந்தனி?"

"ஆறு பத்து."

அவர் புட்டைப் பிசைந்தார்.

"பொய் சொன்னது அவள். நான் சொல்லேல்லை," என்றாள்.

"நீ பேசாமல் நிண்டனி. ஒருநாளும் நீ பேசாமல் நிக்கிறேல்லை." அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது. "முதல் காட்சியிலயே என்ர இடம். கதிரையைப் பார்த்தன். வெறுங்கதிரை. படியில ஐஸ் கிடந்ததுதானே. நீ விழுந்து..."

அல்போன்சம்மாவுக்கு அந்த வசனத்தை முடிக்க வரவில்லை. அவரே முடித்தார்.

"விழுந்து கிடக்கிறாயோ எண்டு வந்திட்டுது. அந்தப் பிள்ளை சப்பாத்தை நீட்டிக்கொண்டு நிக்குது. எனக்கு வாய் வரேல்லை. பேந்து அதுவே சொல்லிச்சுது, 'விடியமுதல் தைச்சு வைப்பீங்கள், எனக்குத் தெரியும்' எண்டு. நான் தலையாட்டினன்." கையைத் தட்டத்தில் வைத்தார். "அங்கயும் தலையாட்டினன்."

குளிர்ப்பெட்டி உறுமியது. அதற்குள் நூற்றிருபது ரோல். அல்போன்சம்மா போனை எடுத்தாள்.

"வேர்னாவிட்ட நான் கதைக்கிறன். பிழை என்னில எண்டு சொல்லுறன். நாளைக்கு உங்களை..."

"நீ கதைக்காதை!"

மேசையில் அடித்தார், தட்டம் குதித்தது. பெரிய சத்தமில்லை, இன்னொரு வீட்டில் என்றால் அதைச் சத்தம் என்றே சொல்லமாட்டார்கள். இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அவருடைய வாயிலிருந்து வந்ததில்லை. அல்போன்சம்மா போனைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"அப்ப நாளைக்குப் போவீங்களோ?"

"தெரியாது," என்றார்.

ஞாயிறு காலை அவர் ஷேவ் எடுத்தார். பதினொரு மணிக்குக் கோட்டைப் போட்டார். கதவடியில் நிற்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நடிக்கப் போகிறாரா, வேர்னாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வரப் போகிறாரா, அவளுக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. துணிவில்லை என்று தன்னைப்பற்றி நினைத்தபோது அவளுக்கே எரிச்சல் வந்தது.

கீழ்வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"புஷ்பவதி, ரோலை வந்து எடும். நான் ரொக்ஸ்பரோவுக்கு வரேல்லை."

"அக்கா! குடிபூரலுக்கு நீங்கள் வராமல்? ஆர் பொரிக்கிறது?"

"நீர்தான். எண்ணெய் நல்லாக் காய்ஞ்ச பிறகு போடும், நாலு நாலாப் போடும். ஒரேயடியா அள்ளிக் கொட்டினீரெண்டால் வெடிச்சுப் பிரியும்."

"அண்ணை கோவமே?"

"கோவமெண்டாலும் பரவாயில்லை."

"ரெண்டு மணிதானே அக்கா, இஞ்ச வந்து பொரிச்சுத் தந்திட்டு ரெண்டே காலுக்கு..."

"போனை வையும்."

ஜாரியில் மெற்றோ ஏறி, வொந்தோமில் இறங்கி, 105 பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமையும் இருக்க இடமில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்த மேசைக்கு முன்னால் நின்றாள். அதே பெட்டை.

"மடாம், இன்னும் திறக்கவில்லை."

"தெரியும். நான் இருக்கிறன்."

வாங்கு குளிர்ந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்தாள். இன்றைக்குப் பேர் ஒட்டியிருக்கவில்லை. யாரோ ஒருவர் வந்து அது தன்னுடைய கதிரை என்று டிக்கற்றைக் காட்டினார். "என்ர மனுசன் நடிக்கிறார்," என்று அவள் இரண்டு மொழியிலும் சொன்னாள். எழும்பவில்லை. அவர் வேறு இடம் பார்த்தார்.

லைற் அணைந்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது மேடையில் ஒரு சின்ன வாங்கு, சுத்தியல், பழைய சப்பாத்துகள். வாங்கில் அருமைராசா.

சனம் ஒவ்வொருவராகச் சப்பாத்தோடு வந்து போனது. அவர் வாங்குவதும் குனிந்து தட்டுவதுமாக இருந்தார். எஸ்தர் வந்தாள். அடி பிய்ந்த சப்பாத்தைக் கழற்றி நீட்டினாள். அருமைராசா அதை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கதிரைகளைப் பார்த்தார். அல்போன்சம்மா அசையவில்லை.

ஒரு சொல்லும் வரவில்லை.

யாரோ இருமினார்கள். எஸ்தராக நடித்தவள் நேற்றையைப்போலத் தானே சொல்லிவிட வாயைத் திறந்தாள். அல்போன்சம்மாவின் நாக்கிலும் முழு வரியும் வந்து நின்றது. சொன்னால் மேடைக்குக் கேட்கும், அவளுடைய குரல் அப்படி. சீலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள்.

அருமைராசா கையைத் தூக்கினார். நில், என்று எஸ்தருக்குக் காட்டுகிற மாதிரி.

"விட்டுவிட்டுப் போ," என்றார் இங்கிலீசில். அவ்வளவுதான். குனிந்து சுத்தியலை எடுத்தார்.

எஸ்தர் கொஞ்சம் திகைத்து நின்றாள். பிறகு மற்றச் சப்பாத்தையும் கழற்றி வாங்கில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்து போனாள். அது நாடகத்தில் இருந்ததோ, அவளாகச் செய்ததோ, தெரியாது.

அதற்குப் பிறகு அல்போன்சம்மாவுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. முதற்பாதி எப்படி முடிந்தது, நேற்றுக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட அழுகை யாருடையது என்று ஒன்றும் பார்க்கவில்லை. கண் தானாக மூடியது. இடைவேளையில் சனம் அவளுடைய முழங்காலைத் தாண்டிப் போய் வந்தது. எஸ்தர் நடந்தாள், கோர்ட் தீர்ப்பு வந்தது, கைதட்டல் ஓய்ந்தது. அருமைராசா வந்து தோளைத் தொட்டபோதுதான் விழித்தாள்.

"நித்திரையே?"

"உங்கட இடம் பார்த்தன். மிச்சம் நேற்றுப் பார்த்ததுதானே."

அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "எப்பிடி?"

"அரைவாசியை விட்டிட்டீங்கள்."

"ஓம்." கொஞ்சம் யோசித்தார். "மறக்கேல்லை. மிச்சம் தேவையில்லை எண்டு பட்டுது."

அல்போன்சம்மா காலைச் சப்பாத்துக்குள் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. அருமைராசா கதைத்தார். சுத்தியலின் பிடி இளகியது, கிரேக்கர் மேடையில் தடக்கியது, வேர்னா கட்டிப்பிடித்தது, ஒவ்வொன்றாக. நடுவில் நடுவில் நீளமாக இடைவெளி விழுந்தது. அவளுக்கு அதை நிரப்பச் சீவன் இல்லை. மெற்றோவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஜாரியில் இறங்கும்போது, "அந்தப் பிள்ளையின்ர சப்பாத்து..." என்று அவர் தொடங்கினார். நகரும் படிக்கட்டு பழுது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்படியால் ஏறினார்கள். பாதியில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார்கள். மேலே வெளிக்கதவைத் தள்ளித் திறந்தபோது குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"...உண்மையாவே பிஞ்சது," என்று அருமைராசா முடித்தார்.